மூணு பர்சென்ட்தானேன்னு விட்டிருந்தா: மேரிலாந்து டெக் டேக்ஸுக்கு ஒரு குட்டி ஐடி கம்பெனி தயாரான கதை

2025 மே 20-ம் தேதி அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலக் கவர்னர் வெஸ் மூர் பட்ஜெட் சம்பந்தமான ஒரு சட்டத்துல கையெழுத்து போட்டாரு, ஹவுஸ் பில் 352ன்னு பேரு, அதுக்குள்ள எங்கயோ நடுவுல ஐடி சர்வீஸுக்கும் டேட்டா சர்வீஸுக்கும் 3% விற்பனை வரின்னு ஒரு பகுதி, ஜூலை 1-ல இருந்து அமல். எண்ணிப் பாத்தா 42 நாள். அந்த 42 நாள்ல நாங்க என்ன பண்ணோம், எங்க சொதப்பினோம், எது இன்னும் முடியாம இழுத்துக்கிட்டு இருக்குன்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். இது எங்க கம்பெனியோட கேஸ், உங்க கேஸ் வேற மாதிரி இருக்கும், அதனால இதை வச்சு இன்வாய்ஸ் போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க, உங்க சிபிஏகிட்ட, அதான் லைசென்ஸ் வாங்கின கணக்காளர்கிட்ட, ஒருவாட்டி பேசிடுங்க.

முதல்ல நாங்க யாருன்னு சொல்லிடறேன். மொத்தம் பதினாலு பேர். பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவுல ஆபீஸ். சின்ன கிளினிக், வக்கீல் ஆபீஸ், கோடவுன் வச்சிருக்கிறவங்க, இவங்களோட கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாத்தையும் மாசாமாசம் ஒரு தொகை வாங்கிக்கிட்டு பாத்துக்கறது ஒரு பக்கம், வெப்சைட் பண்ணித் தர்றது, கேட்டா அவங்களுக்குன்னே புரோகிராம் எழுதித் தர்றது இன்னொரு பக்கம். நடுநடுவுல லேப்டாப் வாங்கிக் குடுப்போம், கேபிள் இழுப்போம், ஸ்டாஃபுக்கு டிரெயினிங் எடுப்போம். ரெண்டு பசங்க ஒரு பெரிய கான்ட்ராக்டர்கிட்ட போய் உக்காந்து வேலை பாக்கறாங்க. ஓனரை எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். பில்லிங், கான்ட்ராக்ட், கணக்கு மூணும் என் தலையில. லேப்டாப் விக்கிறதால எங்ககிட்ட ஏற்கனவே விற்பனை வரி நம்பர் இருந்துச்சு, 6% வாங்கி கட்டிக்கிட்டுதான் இருந்தோம், அதனால பதிவு பண்ற வேலை எங்களுக்கு மிச்சம். வெறும் சர்வீஸ் மட்டும் பண்ணிக்கிட்டு இருந்த கம்பெனிங்களுக்கு அந்த மே கடைசி எப்படி போயிருக்கும்னு நினைச்சாலே பாவமா இருக்கு.

வரி எப்படி வந்துச்சுங்கிறது தெரிஞ்சாத்தான் எங்க முதல் தப்பு புரியும். மாநில பட்ஜெட்ல கிட்டத்தட்ட 330 கோடி டாலர் துண்டு விழுந்துச்சு. மார்ச்ல ஒரு மசோதா, கம்பெனிக்கு கம்பெனி குடுக்கிற சர்வீஸ் மேல எல்லாம் 2.5% போடலாம்னு, அக்கவுன்டன்ட், கன்சல்டன்ட் எல்லாரும் அதுல மாட்டினாங்க, எல்லாரும் சேர்ந்து கத்தினாங்க, கடைசில மத்தவங்களை எல்லாம் விட்டுட்டு டெக் மேல மட்டும் 3%ன்னு சுருங்கி ஏப்ரல் 7, சட்டசபை முடியற கடைசி நாள், அன்னிக்கு பாஸ் ஆச்சு. அண்ணன் அதைப் படிச்சுட்டு சிரிச்சாரு. "இதே கதையை நான் பாத்திருக்கேன்பா, எதுவும் பண்ணாத, தானா போயிடும்"ன்னாரு.

அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. 2007 கடைசில இதே மேரிலாந்துல கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு 6% வரின்னு சட்டம் போட்டாங்க, 2008 ஜூலைல ஆரம்பிக்க வேண்டியது, ஏப்ரல்லயே ரத்து, ஒரு டாலர்கூட வசூலாகல. மாசசூசெட்ஸ்ல 2013 ஜூலை 31-ம் தேதி சாப்ட்வேர் சர்வீஸுக்கு 6.25% ஆரம்பிச்சு, செப்டம்பர் 27-ம் தேதி கதை முடிஞ்சுது, அதுவும் முன் தேதியிட்டு ரத்து. ஃபுளோரிடாவுல 1987-ல சர்வீஸ் எல்லாத்துக்கும் வரி போட்டு ஆறே மாசத்துல தூக்கிட்டாங்க. ஆக டெக் வரின்னா போட்ட கையோட எடுத்துடுவாங்கங்கிறது ஒரு பழக்கம் மாதிரியே ஆயிடுச்சு.

நான் மாசசூசெட்ஸையே எடுத்து அவர்கிட்ட திருப்பிக் கேட்டேன். அண்ணே, அங்க ரத்து பண்ணாங்க சரி, ஆனா அந்த ரெண்டு மாசம் வசூல் பண்ணினவங்க கஸ்டமருக்கு திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சே, யாருக்கு எந்த இன்வாய்ஸ்ல எவ்வளவு வாங்கினோம்னு கணக்கு இல்லாதவன் என்ன பண்ணியிருப்பான், வரி நின்னாலும் நமக்கு கணக்கு வேணும், போனாலும் கணக்கு வேணும்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, "சரி, எவ்வளவு நாளாகும்"னாரு. நான் ஒரு வாரம்னேன். அதுதான் என்னோட முதல் தப்பு.

கம்பெனி கோடா, வேலையோட கோடா

சட்டத்துல "ஐடி சர்வீஸ்"னா என்னன்னு தனியா விளக்கம் எழுதல, அதுக்குப் பதிலா தொழில்களை நம்பர் போட்டு பிரிக்கிற நேய்க்ஸ் அட்டவணை இருக்கு பாருங்க, அதுல சில நம்பரை காட்டிட்டு விட்டுட்டாங்க. 5415, இது புரோகிராமிங், சிஸ்டம் டிசைன், கம்ப்யூட்டர் நிர்வாகம். 518, இது ஹோஸ்டிங், டேட்டா பிராசசிங். 519, தேடல் தளம் மாதிரி தகவல் சேவைங்க. 5132, சாப்ட்வேர் வெளியிடறவங்க. இந்த நேய்க்ஸ் நம்பர் சென்சஸ் புள்ளிவிவரத்துக்காக உண்டாக்கினது, எந்தக் கடை எந்தப் பிரிவுன்னு எண்றதுக்கு, வரி போடறதுக்கு இல்ல. கோணி ஊசியை வச்சு ஜாக்கெட் தைக்கிற மாதிரி.

நாங்க வருஷாவருஷம் வரி ரிட்டர்ன்ல எங்க கம்பெனிக்குன்னு ஒரு நேய்க்ஸ் நம்பர் எழுதறோம். 541512. அப்போ நம்ம பில்லுக்கு எல்லாம் 3% போட்டா முடிஞ்சுதுன்னு நான் நினைச்சேன், அதனாலதான் ஒரு வாரம்னு சொன்னேன். பில்லிங் சாப்ட்வேர்ல ஒரு டிக் போட்டா வேலை முடிஞ்சுது.

கம்ப்ட்ரோலர் ஆபீஸ், அதாவது இந்த மாநிலத்தோட வரி ஆபீஸ், இதுக்குன்னு டெக்னிக்கல் புல்லட்டின் 56ன்னு ஒண்ணு வெளியிட்டாங்க. அதைப் படிச்சப்பத்தான் விஷயம் உறைச்சுது. விக்கிறவன் எந்த நம்பர்ல பதிவு பண்ணியிருக்காங்கிறது கணக்கே இல்ல, விக்கிற அந்த வேலை எந்த நம்பருக்குள்ள விழுதுங்கிறதுதான் கணக்கு. பலசரக்குக் கடைக்காரன் வெப்சைட் பண்ணிக் குடுத்தாலும் வரி உண்டு, ஐடி கம்பெனி சுவத்துல கேபிள் இழுத்தா அது 5415 வேலை கிடையாது.

அப்போ நாங்க என்னென்ன வேலை விக்கறோம்? இது சுலபமான கேள்வின்னு நினைச்சா நீங்களும் என்னை மாதிரிதான். முந்தின வருஷ இன்வாய்ஸை எல்லாம் பில்லிங் சாப்ட்வேர்ல இருந்து எடுத்து எக்செல்ல போட்டேன். பாதிக்கு மேல "புரொஃபஷனல் சர்வீசஸ்"ன்னு ஒரே வரி. இன்னும் சிலது "மாத சேவை". ஒண்ணுல வெறும் "பேசினபடி"ன்னு மட்டும் இருந்துச்சு, அதை எழுதினது நானேதான், யார்கிட்ட என்ன பேசினோம்னு சத்தியமா ஞாபகம் இல்ல. இந்த வரியால எங்களுக்கு ஏதாவது நல்லது நடந்திருந்தா அது இதுதான், நாங்க எதை வித்துக்கிட்டு இருக்கோம்னு முதல்வாட்டி எங்களுக்கே தெரிஞ்சுது.

பச்சை, சிவப்பு, மஞ்சள்

டெக்னீஷியன் பசங்களையும் டெவலப்பர்களையும் உக்கார வச்சு ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் அன்னிக்கு நிஜமா என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். திட்டிக்கிட்டே சொன்னாங்க. அதை ஒரு ஷீட்ல போட்டு, வரி உண்டுன்னா பச்சை, இல்லைன்னா சிவப்பு, புரியலைன்னா மஞ்சள். முதல் நாள் பாத்தா ஷீட் முழுக்க மஞ்சள் பூசின மாதிரி இருந்துச்சு.

பச்சை சீக்கிரம் முடிஞ்சுது. கஸ்டமருக்குன்னே எழுதற புரோகிராம் 541511, வெப்சைட் டிசைனும் அதுக்குள்ளதான். நெட்வொர்க் வடிவமைப்பு 541512. கிளினிக்கோட கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மாசாமாசம் பாத்துக்கறது 541513. சாப்ட்வேர் இன்ஸ்டால் பண்றது, சிஸ்டம் படுத்துட்டா மீட்டுக் குடுக்கறது 541519. ஹோஸ்டிங், பேக்கப் 518210. இதெல்லாம் 3%.

சிவப்புதான் ஆச்சரியம். கம்ப்யூட்டர் டிரெயினிங் 611420, கல்விப் பிரிவுல இருக்கு, லிஸ்ட்ல இல்ல. உடைஞ்ச ஸ்கிரீன் மாத்தறது, ஃபேன் மாத்தறது 811210, ரிப்பேர் பிரிவு, லிஸ்ட்ல இல்ல. நெட்வொர்க் கேபிள் இழுக்கறது 238210, எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் பிரிவு, லிஸ்ட்ல இல்ல. லோகோ வரைஞ்சு குடுக்கறது 541430, கிராஃபிக் டிசைன், அதுவும் இல்ல. ஆனா அதே லோகோவை வச்சு வெப்சைட் பண்ணா உண்டு!

இப்போ யோசிச்சுப் பாருங்க, எங்க டெக்னீஷியன் தம்பி காலைல ஒரு வக்கீல் ஆபீஸுக்கு போறான், ஒரு லேப்டாப்புக்கு ஸ்கிரீன் மாத்தறான், இன்னொண்ணுல விண்டோஸை அழிச்சுட்டு மறுபடி போடறான், போற வழியில ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுக்கு மெயில் எப்படி பாக்கறதுன்னு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்துட்டு, புதுசா ஒரு லேப்டாப்பையும் குடுத்துட்டு வர்றான். ஒரே ஆள், ஒரே விசிட், முன்னாடியா இருந்தா ஒரே இன்வாய்ஸ் வரி. இப்போ லேப்டாப்புக்கு 6%, விண்டோஸ் வேலைக்கு 3%, ஸ்கிரீன் மாத்தின கூலிக்கும் டிரெயினிங்குக்கும் இந்த வரி இல்ல. இதை எல்லாம் ஒண்ணா கலந்து ஒரே தொகையா எழுதிட்டா அப்புறம் ஆடிட் வர்றப்ப இதுல இவ்வளவுதான் வரிக்குரியதுன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம தலையில. அதனால நேரம் எழுதற முறையையே மாத்தினோம். டெக்னீஷியன் மொபைல்ல நேரம் போடறப்பவே வேலை வகையை தேர்ந்தெடுக்கணும், மொத்தம் ஒன்பது வகை, பத்தாவதா "மத்தது"ன்னு ஒண்ணு வேணவே வேணாம்னு நான் பிடிவாதமா இருந்தேன். "மத்தது"ன்னு ஒண்ணு இருந்தா எல்லாமே மத்தது ஆயிடும்.

சாஸ் தனிக் கூத்து. வாயால சொன்னா ஏதோ பாட்டில்ல ஊத்தறது மாதிரி இருக்கு, சந்தா கட்டி இன்டர்நெட் வழியா யூஸ் பண்ற சாப்ட்வேரைத்தான் சொல்றேன். மேரிலாந்துல 2021 மார்ச் 14-ல இருந்து டிஜிட்டல் பொருளுக்கு 6% வரி. அப்புறம் 2022 ஜூலைல, கம்பெனிங்க முழுக்க தொழிலுக்காக வாங்கற பிசினஸ் சாப்ட்வேரை அந்தக் கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. இப்போ 2025-ல அப்படி வெளிய எடுத்ததை எல்லாம் பிடிச்சு 3%க்குள்ள போட்டுட்டாங்க. ஆக ஒரே சாப்ட்வேரை வீட்ல யூஸ் பண்ண ஒருத்தர் வாங்கினா 6%, ஆபீஸுக்கு கம்பெனி வாங்கினா 3%. நாங்க வாங்கி விக்கிற சந்தாக்கள்ல ரெண்டு பேர் மட்டும் தனிநபர், மீதி எல்லாம் கம்பெனி, அதனால எங்களுக்கு பெருசா அடிபடல.

மஞ்சள்ல கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு நின்னது, வெளிய போய் உக்காந்து வேலை பாக்கிற அந்த ரெண்டு பசங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்தத் தொழில்ல இருக்கறதால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். ஆளை அனுப்பறது மட்டும்னா அது 5613, வேலைவாய்ப்பு, ஸ்டாஃபிங் பிரிவு, லிஸ்ட்ல இல்ல. புரோகிராமை பண்ணி முடிச்சுத் தர்றோம்னு பொறுப்பு எடுத்தா அது 5415. ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க? எங்க சிபிஏ கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. பையனுக்கு காலைல வேலை சொல்றது யாரு, தப்பா எழுதினா சரி பண்ணிக் குடுக்க வேண்டியது யாரு, பில் மணிக்கணக்கா, இல்ல இந்தந்த ஐட்டம் முடிச்சா இவ்வளவுன்னா? ஒரு பையனுக்கு எல்லாப் பதிலும் ஸ்டாஃபிங் பக்கம்தான். இன்னொருத்தனுக்கு வேலை சொல்றது அந்தக் கான்ட்ராக்டர், ஆனா கான்ட்ராக்ட்ல "டெலிவரபிள்ஸ்"ன்னு, அதாவது நாங்க முடிச்சுக் குடுக்க வேண்டிய ஐட்டம்னு, எங்க பேர்ல ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கு, எந்தக் காலத்துலயோ எவனோ டெம்ப்ளேட்ல இருந்து காப்பி அடிச்சது. அந்த ஒரு பக்கத்துக்காக மூணு வாட்டி போன் பேசினோம்.

யார்கிட்ட வாங்கறது, யார்கிட்ட வாங்கக்கூடாது

வேலையைப் பிரிச்சாச்சு, அடுத்தது கஸ்டமர். வரி நம்ம ஆபீஸ் இருக்கிற இடத்தைப் பொறுத்து இல்ல, கஸ்டமர் எங்க இருக்காருங்கிறதைப் பொறுத்து. வர்ஜீனியாவுல இருக்கிற கிளையன்ட்டுக்கு நாங்க மேரிலாந்துல உக்காந்து வேலை பாத்தாலும் மேரிலாந்து வரி இல்ல. தலைகீழா, வர்ஜீனியா கம்பெனி மேரிலாந்து கிளையன்ட்டுக்கு விக்குது, வருஷத்துக்கு 1,00,000 டாலர் தாண்டுது, இல்ல 200 பில் போடுதுன்னா, அவங்க இங்க வந்து பதிவு பண்ணி வசூல் பண்ணணும். 2018-ல சுப்ரீம் கோர்ட் வேஃபேர் கேஸ்ல சொன்ன தீர்ப்புக்கு அப்புறம் வந்த ஏற்பாடு இது. ஆத்தைத் தாண்டி வர்ஜீனியாவுக்கு ஆபீஸை மாத்திடலாமான்னு அண்ணன் ரெண்டு நாள் கனவு கண்டாரு. இருக்கிற கிளையன்ட் எல்லாம் இங்கதானே, நாம எங்க போய் உக்காந்தா என்னன்னு சொன்னதும் அந்தக் கனவு கலைஞ்சுது.

எங்க கஸ்டமர் லிஸ்ட்ல பில்லிங் முகவரி ஒண்ணு, நிஜமா வேலை நடக்கிற இடம் ஒண்ணு. ஒரு கிளினிக்குக்கு டெலாவேர்ல தபால் பெட்டி, ஆனா அங்க டாக்டரும் கிடையாது நோயாளியும் கிடையாது, எல்லாம் இங்க மேரிலாந்துல, ராக்வில் ஊர்லதான். இப்படி ஒவ்வொண்ணா கூப்பிட்டு கேக்கறதுக்கே ஒரு வாரம் போச்சு.

சர்ட்டிபிகேட் வேட்டை அதைவிட மோசம். மத்திய அரசு, மாநில அரசு, அதோட உள்ளாட்சி அமைப்புங்க இவங்ககிட்ட வரி வாங்கக்கூடாது. விலக்கு வாங்கின தர்ம ஸ்தாபனங்ககிட்டயும் வாங்கக்கூடாது. ஆனா வாய்ல சொன்னா போதாது, பேப்பர் வேணும். "நாங்க 501(சி)(3)தான் எல்லாருக்கும் தெரியுமே"ன்னு ஒருத்தர் மெயில் போட்டாரு, அது வருமான வரி விலக்கு சார், எனக்கு வேண்டியது மாநில விற்பனை வரி விலக்கு சர்ட்டிபிகேட்டுன்னு ரொம்பப் பணிவா எழுதினேன், அவர் அனுப்பினதைப் பாத்தா எப்பவோ காலாவதியான கார்டோட மங்கின போட்டோகாப்பி. புதுசு இருக்கான்னு கேட்டா இருந்துச்சு, டிராயர்லயே இருந்துச்சாம்.

இதுல அண்ணன் விழுந்த குழி ஒண்ணு. அரசாங்கத்துகிட்ட நேரா வேலை எடுத்த பிரைம் கான்ட்ராக்டர் ஒருத்தருக்கு கீழ நாங்க சப்-கான்ட்ராக்டர். "அது கவர்ன்மென்ட் வேலைப்பா, வரி கிடையாது"ன்னு அவர் முடிவே பண்ணிட்டாரு. ஆனா எங்க கஸ்டமர் கவர்ன்மென்ட் இல்ல, கான்ட்ராக்டர். கான்ட்ராக்டருக்கு அரசாங்கத்தோட விலக்கு ஒட்டிக்கிட்டு வராது. அப்புறம் எப்படி சரியாச்சுன்னா, எங்க வேலையை அவங்க வாங்கின மாதிரியே அப்படியே மறுபடி விக்கிறதால ரீசேல் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. கடைசில வரி இல்லங்கிறது அதேதான், ஆனா காரணம் வேற, ஃபைல்ல இருக்க வேண்டிய பேப்பரும் வேற, பேப்பர் இல்லாம இருந்திருந்தா ஆடிட்ல அந்தப் பணம் எங்க கைல இருந்துதான் போயிருக்கும்.

எம்.பி.யூ.ன்னு ஒரு சர்ட்டிபிகேட் இருக்கு, வாங்கற சர்வீஸை ஒரே நேரத்துல பல மாநிலத்துல யூஸ் பண்ற கஸ்டமருக்கு. மூணு மாநிலத்துல கோடவுன் இருக்கிற ஒரு கம்பெனிக்கு நாங்க ஸ்டாக் புரோகிராம் எழுதிக் குடுத்தோம். 45,000 டாலர் வேலைன்னு வச்சுக்குங்க, அப்படியே போட்டா வரி 1,350. அவங்க எம்.பி.யூ. சர்ட்டிபிகேட் குடுத்தா நாங்க வசூல் பண்ண வேண்டாம், மேரிலாந்துல யூஸ் ஆகற பங்கை அவங்களே கணக்குப் போட்டு நேரா மாநிலத்துக்கு கட்டிக்குவாங்க, மூணுல ஒரு பங்குதான் இங்கன்னா 450. இதை நாங்கதான் அவங்களுக்கு போன் பண்ணி சொன்னோம். நம்ம கைல இருந்து ஒண்ணும் போகல, ஆனா அந்த ஒரு போனுக்கு கிடைச்ச மரியாதை வருஷம் முழுக்க வேலை பாத்து கிடைக்கல.

கான்ட்ராக்ட்

இங்கதான் பணம் போச்சு. கான்ட்ராக்ட்டை எல்லாம் எடுத்து "வரி"ங்கிற வார்த்தையை தேடினேன். பெரும்பாலும் "வரிகள் தனி"ன்னு இருந்துச்சு, நிம்மதி. ரெண்டுல அதைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல, லெட்டர் எழுதி விளக்கினோம், ஒத்துக்கிட்டாங்க. ஒண்ணுல மட்டும், "குறிப்பிட்ட தொகையே எல்லா வரிகளும் சேர்ந்த இறுதித் தொகை"ன்னு கறுப்பு வெள்ளையா எழுதியிருக்கு, கீழ அண்ணன் கையெழுத்து. மீதி வேலை 40,000 டாலருக்கு இருந்துச்சு. அதுல எங்களுக்கு நிக்கிறது பத்து பர்சென்ட், 4,000. வரிக்குன்னு கைல இருந்து கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 1,200. மூணு பர்சென்ட் வரின்னு சொல்றாங்க, எங்க லாபத்துல கணக்குப் போட்டா முப்பது பர்சென்ட். அந்தக் கிளையன்ட்டை கேட்டோம், சிரிச்சுக்கிட்டே முடியாதுன்னுட்டாங்க, அவங்க மேல தப்பு இல்ல. அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் என்கிட்ட வந்து "அந்த டெம்ப்ளேட்டை டெலிட் பண்ணிடு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு.

ஜூன் நடுவுல இன்னொரு கூட்டம் ஆரம்பிச்சுது. "வருஷ பில்லை இப்பவே போட்டுக் குடுங்க, ஜூலைக்கு முன்னாடி கட்டிடறோம், வரி மிச்சமாகும்ல." அண்ணனுக்கு ஆசைதான், பன்னெண்டு மாசப் பணம் ஒரே நாள்ல வருதே. நாங்க எடுத்த முடிவு கொஞ்சம் கோழைத்தனமானதுதான், வேலை முடிஞ்ச தேதி, பில் தேதி, பணம் வந்த தேதி மூணுமே ஜூலைக்கு முன்னாடி இருந்தா மட்டும் வரி இல்லாம விட்டோம், மத்ததுக்கெல்லாம் ஜூலைல இருந்து மாசாமாசம் வரி போட்டோம். எங்களை மாதிரி பதினாலு பேர் இருக்கிற கம்பெனி மாநிலத்தோட வியாக்கியானத்துல சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, தோத்தா வரி, வட்டி, அபராதம் மூணையும் நாமதான் கட்டணும். ரெண்டு கிளையன்ட் கோவிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் திரும்பி வந்துட்டாரு.

எல்லாருக்கும் ஜூன் 10-க்குள்ள ஒரு லெட்டர் போச்சு. முதல் வரைவு ரெண்டு பக்கம் இருந்துச்சு, சட்டப் பிரிவு எல்லாம் போட்டு எழுதியிருந்தேன். எங்க ஆபீஸ்ல போன் எடுக்கிற அக்கா படிச்சுட்டு, "இதைப் படிச்சா எனக்கே நம்ம விலையை ஏத்திட்டோம்னுதான் தோணுது"ன்னாங்க. அப்புறம் ஆறு வரியா சுருக்கினோம். எங்க விலை மாறல, மாநிலம் ஜூலை 1-ல இருந்து 3% போடுது, உங்க பில் 2,000ன்னா 60 டாலர் தனியா தெரியும், விலக்கு இருந்தா இந்தத் தேதிக்குள்ள சர்ட்டிபிகேட் அனுப்புங்க, பல மாநிலத்துல யூஸ் பண்றீங்கன்னா எங்களை கூப்பிடுங்க, அவ்வளவுதான்.

சாப்ட்வேர், அப்புறம் முதல் ரிட்டர்ன்

பில்லிங் சாப்ட்வேர் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. அதுல மேரிலாந்துன்னா 6%ன்னு ஒரே ரேட், ஒரே மாநிலத்துல ரெண்டு ரேட்டுங்கிறதே அதுக்குப் புரியல. 3%க்கு கையால தனியா ஒரு ரேட் உண்டாக்கி, ஒன்பது வேலை வகைக்கும் ஒவ்வொண்ணா இணைச்சோம். ஜூன் கடைசி வாரம் பொய் இன்வாய்ஸ் இருபது போட்டுப் பாத்தோம், நாலுல தப்பு. அதுல ஒண்ணு ஹோஸ்டிங்குக்கு 6%, 3% ரெண்டும் சேர்ந்து 9%ன்னு காட்டுச்சு, அது மட்டும் நிஜ கஸ்டமருக்குப் போயிருந்தா தொலைஞ்சோம்.

வசூல் பண்ற வரிக்கு தனியா ஒரு பேங்க் அக்கவுன்ட் திறந்தோம், இதுக்கு நான் சண்டையே போட்டேன். அந்தப் பணம் நம்ம பணம் இல்ல, மாநிலத்தோட பணம் நம்ம பையில கொஞ்ச நாள் இருக்கு, அவ்வளவுதான். சம்பளத்துக்கு இடிக்குதேன்னு அதுல கை வச்சுட்டு கட்ட முடியாம போனா கம்பெனி மட்டும் மாட்டாது, மேரிலாந்து சட்டப்படி கம்பெனியோட பொறுப்புல இருக்கிற சில பேர் தனிப்பட்ட முறையிலயும் மாட்டுவாங்க. இதைச் சொன்னதும் அண்ணன் அன்னிக்கே பேங்க்குக்கு போனாரு.

ஜூலை ரிட்டர்ன் ஆகஸ்ட் 20-க்குள்ள. மேரிலாந்து டேக்ஸ் கனெக்ட்ங்கிற போர்ட்டல்ல போய் நிரப்பினா முடிஞ்சுது, 6% தனி, 3% தனி. ஆகஸ்ட் 18 ராத்திரி எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா 3% கணக்கு சின்னதா இடிக்குது. தேடித் தேடிப் பாத்தா, நாங்க வித்ததுல எந்தத் தப்பும் இல்ல. நாங்க வாங்கினதுலதான்.

இதை யாருமே யோசிக்கல பாருங்க, நாங்களும் ஒரு கஸ்டமர்தானே. எங்க டிக்கெட் சிஸ்டம், பாஸ்வேர்ட் சாப்ட்வேர், கண்காணிக்கிற சாப்ட்வேர் எல்லாத்தையும் நாங்களும் வெளிய இருந்துதான் வாங்கறோம். அதுல மூணு பேர் ஜூலைல இருந்து ஒழுங்கா 3% போட்டு பில் அனுப்பிட்டாங்க, அதை நான் செலவுல போடறதுக்குப் பதிலா வசூல் பண்ண வரியோட சேர்த்து கழிச்சிருந்தேன், அதுதான் இடிச்சது. ஆனா அதைத் தோண்டப் போய்தான் பெரிய விஷயம் கண்ணுல பட்டுச்சு, வேற ரெண்டு வெளி மாநிலக் கம்பெனி வரியே போடல. விக்கிறவன் போடலைன்னா விட்டுச்சு சனின்னு இருக்க முடியாது, வாங்கின நாமளே யூஸ் டேக்ஸ்னு கணக்குப் போட்டு கட்டணும். ஊருக்கெல்லாம் ஆறு வரி லெட்டர் எழுதினவன் வீட்டுக் கணக்கை பாக்கல. நல்லவேளை ரெண்டு நாள் இருந்துச்சு, சேர்த்து கட்டிட்டோம்.

ஆறு மாசம் கழிச்சு கணக்குப் பாத்தப்போ, வரியால போன கிளையன்ட் ஒருத்தர்தான், மேல சொன்ன கோவக்காரர்ல திரும்பி வராதவர். கைல இருந்து போனது அந்த டெம்ப்ளேட் கான்ட்ராக்ட் பணம், சிபிஏ ஃபீஸ், அப்புறம் என்னோட ஒரு வாரங்கிற கணக்கு நீண்டு போன அஞ்சு வாரம். டெவலப்பர் பசங்க இப்போ புது வேலைக்கு விலை குடுக்கறப்பவே டிரெயினிங் எவ்வளவு, புரோகிராமிங் எவ்வளவுன்னு பிரிச்சுத்தான் அனுப்பறாங்க, நான் கேக்கறதே இல்ல.

அண்ணன் இன்னும் வாரத்துக்கு ஒருவாட்டி "ரத்தாயிடுச்சா"ன்னு கேப்பாரு. ஷீட்ல ஒரே ஒரு மஞ்சள் வரி பாக்கி இருக்கு, அந்த டெலிவரபிள்ஸ் பக்கம் இருக்கிற பையனோடது. இப்போதைக்கு வரி போட்டுக்கிட்டுதான் இருக்கோம், சிபிஏ எழுதிக் குடுத்த ஒரு பக்க குறிப்பை கான்ட்ராக்ட்டோட சேர்த்து பின் பண்ணி வச்சிருக்கேன். புதுப்பிக்கிற தேதி ஜூன்ல வருது, அந்தப் பக்கத்தை எடுக்கணும், இல்ல அதுல எழுதியிருக்கிற மாதிரி வேலையையே மாத்தணும், ரெண்டுல எதுன்னு அவங்க லீகல் ஆளுங்ககிட்ட இருந்து இன்னும் பதில் வரல.